ஃபேக்ஸ் போயிந்தி

உமாபதிக்கு வேலை கிடைத்த செய்தி நாகலாபுரத்துக்கு ஒரு மாதிரியும் அவனுக்கு வேறு மாதிரியும் வந்து சேர்ந்தது. ஊரில் அவன் அப்பா முனியப்பன், "எம் புள்ள திருப்பதியில கம்ப்யூட்டர் ஆபீசரா கீறான்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டார். உண்மையில் அது சுரேஷ்பாபு என்பவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடத்திய கம்ப்யூட்டர் கடையில் தற்காலிக வேலை. பார்சல் பிரிப்பது, ஒயர் மாட்டுவது, வாங்கினவர் வீட்டுக்குப் போய் "சார், இதுதான் மவுஸ்" என்று காட்டிக்கொடுப்பது. வருடம் 1998. மவுஸைக் காட்டிக்கொடுக்க ஒரு பட்டதாரி தேவைப்பட்ட காலம் அது.

முனியப்பன் தலைமுறை வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கைப்பிடி மண் கிடையாது. அப்புறம் சர்க்கார் கொடுத்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டார்கள். மழை வந்த வருடம் விவசாயி, வராத வருடம் கூலி. உமாபதிதான் அந்த வீட்டில் முதல் டிகிரி. டிகிரி வாங்கினவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாது என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவன் அக்கா புருஷன் வேதாச்சலம் மட்டும் இதில் சேரவில்லை. அவர் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் மேஸ்திரி. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், "பெர்மனென்ட் ஆச்சா மச்சான்?" என்று கேட்பார். ஆகவில்லை என்று தெரிந்தே கேட்பார். "டப்பா அடுக்குற எடத்துல ஆளு வேணும்னு கேட்டுக்கினே கீறாங்க. டிகிரி இருந்தாலும் சேத்துப்பாங்க, அதுல ஒண்ணும் பிரச்ன இல்ல."

இந்த நிலைமையில்தான் அந்த மோடம் வந்தது.

சென்னையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி மாதிரிக்கு ஜோடியாக இரண்டு வைத்து அனுப்பிய அட்டைப்பெட்டி. பெட்டிமேல் ஒரு மின்னல் படம், அதன் கீழே 56,000 என்று பெரிய எழுத்து. டெலிபோன் ஒயரில் மாட்டினால் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசும். ஃபேக்ஸ் மெஷின் இல்லாமலே கம்ப்யூட்டரிலிருந்து ஃபேக்ஸும் அனுப்பலாம். சித்தூரில் கைத்தறிச் சங்கங்களுக்கு எல்லாம் மேலாக ஒரு கூட்டமைப்பு அலுவலகம் இருந்தது. நகரியில் தொடங்கி ஊர் ஊருக்குக் கிளை. கிளைக்கு ஒன்று என்று பத்து மோடம் வாங்குவதாக உத்தேசம். வாங்குவதற்கு முன் பரிசோதித்து அறிக்கை வேண்டும் என்றார்கள்.

"நீதான் எவால்யுவேட் பண்ற" என்றார் சுரேஷ்பாபு. "ஆர்டர் வந்தா நீ பெர்மனென்ட். வரலைன்னா..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அதை முடித்துவைக்கத்தான் வேதாச்சலம் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது உமாபதி வீட்டில் சொன்னான். "மோடம்னு ஒண்ணு வந்துகீது நைனா. அத நான்தான் பாத்து நல்லதா கெட்டதான்னு சொல்லணும்."

முனியப்பன் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பக்கத்தில் மோடம் என்றால் மேகமூட்டம். தமிழிலும் அதுதான், தெலுங்கிலும் அதுதான். "எங்கடா மோடம்? வெயிலு சுள்ளுனு அடிக்குது. அத்தப் பாத்து சொல்லவா உனக்கு சம்பளம் குடுக்கறாங்க?"

"அது இல்ல நைனா. இது போன்ல மாட்டுறது."

"போன்ல மாட்டுனா மழ வருமா?"

உமாபதி விளக்கிப் பார்த்தான். பாதியில், தனக்கே அது முழுதாகப் புரியவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் யோசித்தது வேறு ஒன்றை. பதினைந்து வருடம் எல்லாரும் அவனை மதிப்பிட்டார்கள். பரீட்சைப் பேப்பரைக் கட்டுக்கட்டாக எங்கோ கொண்டுபோய், முகம் தெரியாத யாரோ சிவப்பு மையில் ஒரு எண் போட்டு அனுப்பினார்கள். இப்போது முதல் தடவையாக மை அவன் கையில். ஆனால் பாஸ் மார்க் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. கையேட்டை அவன் கல்லூரியில் நோட்ஸ் படித்த மாதிரியே படித்தான், மனப்பாடமாக. அதில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு பக்கமும் சாதாரண டெலிபோன் லைனாக இருந்தால் 33,600-க்கு மேல் வராது. பெட்டிமேல் போட்டிருந்த 56,000 எதிர்ப்பக்கம் வேறு விதமான லைன் இருப்பவர்களுக்கு. அப்படி ஒருவரும் சித்தூர் ஜில்லாவில் இருப்பதாகத் தெரியவில்லை.

கடையில் அந்த ஜோடியை இரண்டு லைனில் மாட்டிப் பார்த்ததில் 28,800 வந்தது. இது நல்லதா, கெட்டதா? பெட்டியை நம்பினால் பாதி மார்க். பொடி எழுத்தை நம்பினால் முதல் வகுப்பு. நான் யார் இதைச் சொல்ல என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "திருப்திகரம்" என்று எழுதினான். அவனுடைய நடத்தைச் சான்றிதழில் பிரின்சிபால் எழுதியிருந்த வார்த்தை அது.

அடுத்தது நகரி. கிளையில் ஓடினால்தான் கணக்கு.

நகரிக் கிளையில் கம்ப்யூட்டரும் டெலிபோனும் சிவசங்கரி என்ற டைப்பிஸ்ட்டின் பொறுப்பில் இருந்தன. முப்பத்தைந்து வயது இருக்கும். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அது தன் மேசையில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பார்ப்பவள். ஜோடியில் ஒன்றைக் கடையில் விட்டுவந்த உமாபதி, இன்னொரு மோடத்தை அங்கே வைத்து ஒயரை மாட்டிக் கடைக்கு டயல் செய்தான். அது டயல் செய்தது. எக்ஸ்சேஞ்ச் மதிக்கவே இல்லை. மறுபடி செய்தான். மறுபடியும் அதே மௌனம். நகரியின் பழைய எக்ஸ்சேஞ்சுக்கு மோடம் போட்ட புதுவகை 'டோன்' புரியவில்லை. பழைய போன் சுற்றும் மாதிரி டக் டக் டக் என்று தட்டினால்தான் கேட்கும். கட்டளையில் T இருந்த இடத்தில் P போட்டதும் வேலை செய்தது. ஒரே ஒரு எழுத்து. அது தானாகத் தோன்றியதில் அவனுக்கு அன்று மத்தியானம் வரைக்கும் சந்தோஷம்.

லைன் கிடைத்ததும் மோடம் கத்த ஆரம்பித்தது.

"இன்னா தம்பி இது? ஆட்டுக்குட்டி கழுத்தத் திருவுற மாதிரி கத்துது?"

"அந்தப் பக்கம் கீற மோடத்தோட பேசிக்கினு கீதுக்கா."

"இதுக்குப் பேரு பேசறதா? எங்க வூட்டுக்காரரு பேசறதே தேவல."

கத்தி முடித்துத் திரையில் வந்த எண் 9,600. மறுபடி செய்தால் 4,800. அதற்கு மறுபடி, லைனே அறுந்தது. ஃபேக்ஸ் பாதிப் பக்கம் போய் நின்றது. திருப்பதிக் கடையில் வந்து விழுந்த தாளில் மேலே ஆர்டர் நம்பர், கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி கோடுகள்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. உமாபதி ஒயரை மாற்றினான், பிளக்கைத் துடைத்தான், மோடத்தை நிமிர்த்தி வைத்தான், சாய்த்து வைத்தான். கடைசியில் சிவசங்கரிதான் கேட்டாள். "தறி ஓடிக்கினு இருக்கச்சொல்லோ எதுக்குத் தம்பி பண்ற? அப்ப போன்ல மனுசன் பேசறதே கேக்காதே."

டெலிபோன் ஒயர் எதிர்ச் சந்தில் இருந்த விசைத்தறிக் கொட்டகைகளை உரசிக்கொண்டுதான் வந்தது. மோட்டார்கள் ஓடினால் லைனில் கடகடவென்று இரைச்சல். "எங்க அத்த போன் பண்ணா நான் எல்லாத்துக்கும் ஆங் ஆங்னு சொல்லிடுவேன். அப்டிதான் இந்தக் கல்யாணத்துக்கே ஒத்துக்கினேன்" என்றாள்.

"தறி எப்பக்கா நிக்கும்?"

"கரண்ட் போனா நிக்கும்."

கரண்ட் இருந்தால் லைன் கெட்டுப்போகும். கரண்ட் போனால் லைன் சுத்தமாகிவிடும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். நகரியில் அதிவேக மோடம் அதன் முழு வேகத்தில் ஓட ஒரே வழிதான் இருந்தது. மின்சாரம் இருக்கக்கூடாது.

ஆனால் அந்தக் கிளையில் ஒரு யு.பி.எஸ். இருந்தது. கரண்ட் போனால் கால் மணி நேரம் கம்ப்யூட்டரைத் தாங்கும் பேட்டரிப் பெட்டி. உமாபதி ஃபேக்ஸைத் தயாராகத் திரையில் வைத்துக்கொண்டு கரண்ட் போகக் காத்திருந்தான். படித்த பையன் ஒருவன் கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கிளையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். மூன்று மணி வாக்கில் ஃபேன் நின்றது. எதிர்ச் சந்து சட்டென்று அமைதியானது. யு.பி.எஸ். பீப் பீப் என்று அலறியது.

"போட்றா!" என்று சிவசங்கரி கத்தினாள்.

போட்டான். 28,800. லைன் கண்ணாடி மாதிரி. அப்படியே ஃபேக்ஸையும் தட்டினான். முழுப் பக்கமும், சேலை பார்டர் டிசைனோடு, ஒரு நிமிடத்தில் போய்விட்டது. திருப்பதியில் சுரேஷ்பாபு எடுத்துப் பார்த்துவிட்டு, "டிசைன்ல மயிலோட கண்ணுகூடத் தெரியுதுப்பா" என்றார்.

உடனே சித்தூருக்குச் சொல்ல வேண்டும். அங்கே கூட்டமைப்பின் இறுதி அறிக்கையை எழுத வேண்டியவர் கோடேஸ்வர ராவ். அவர் கணக்கு அதிகாரி. கையில் டிஜிட்டல் கடிகாரம் கட்டியிருந்ததால் அவரையே தொழில்நுட்பக் கமிட்டியாகவும் போட்டுவிட்டார்கள். குண்டூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நாகலாபுரத்துப் பையன் அவரிடம் தெலுங்கில்தான் பேசியாக வேண்டும். வேலை விண்ணப்பத்தில் 'தெலுங்கு: பேச, படிக்க, எழுத' என்று போட்டிருந்தவனுக்கு அதில் ஒரு பயமும் இல்லை. தமிழில் நினைத்து, வார்த்தைகளுக்குத் தெலுங்கு வால் ஒட்டினால் போதும். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டியிருந்தான். சந்தையிலும் பஸ்ஸிலும் யாரும் குறை சொன்னதில்லை. போயிடுச்சு என்பதற்கு, போயிந்தி.

பேச்சு முழுக்கத் தெலுங்கில் நடந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"என்ன ஆச்சு?" என்றார் ராவ்.

"சார், கரண்ட் போயிந்தி சார்!"

"அடடா."

"கரண்ட் போன உடனே ஃபேக்ஸும் போயிந்தி சார்!"

"ஃபேக்ஸுமா போயிந்தி?"

"முழுசா போயிந்தி சார்! ஒரே நிமிஷத்தில!"

ராவ் குரலைத் தாழ்த்தினார். "அவ்வளவு சீக்கிரமாகவா?"

"அதுதானே சார் இதோட ஸ்பெஷல்! உங்க ஆபீஸ்ல இருக்கிற பழைய மெஷின் இவ்வளவு சீக்கிரம் போகுமா, சொல்லுங்க?"

"போகாது" என்றார் ராவ். "பத்து வருஷமாக இருக்கிறது. ஒரு தடவைகூடப் போனதில்லை."

ஒரு தடவைகூட ஃபேக்ஸ் போகாத மெஷினைப் பத்து வருடம் கட்டிக்கொண்டு அழுகிறார்களே என்று உமாபதிக்குப் பரிதாபமாக இருந்தது. அரசாங்கக் காரியம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆறுதலாக, "இனிமேல் கவலை வேண்டாம் சார். நாங்க பத்து மோடம் தர்றோம். பத்தும் இதே மாதிரி போகும்" என்றான்.

ராவ் போனை வைத்துவிட்டார்.

"சூப்பராப் பேசின தம்பி" என்றாள் சிவசங்கரி. "சும்மா மழ மாதிரி கொட்டின."

அறிக்கை மறுநாள் திருப்பதிக் கடைக்கு வந்தது. ஃபேக்ஸில்தான் வந்தது, அந்தப் பழைய மெஷினிலிருந்து. ஆங்கிலத்தில் இருந்ததை சுரேஷ்பாபு சத்தமாகப் படித்தார். மின்தடை ஏற்பட்டவுடன் மேற்படி மோடமும் அதன் ஃபேக்ஸ் வசதியும் ஒரே நிமிடத்தில் முழுவதும் பழுதாகிவிட்டன. மற்ற மோடங்களும் இவ்வாறே பழுதாகும் என்று நிறுவனத்தின் பிரதிநிதியே உறுதி கூறினார். இதைத் தெரிவிக்கும்போது அவர் மிகுந்த மகிழ்ச்சியுடன் காணப்பட்டார் என்பதும் பதிவு செய்யப்படுகிறது. எனவே கொள்முதல் பரிந்துரைக்கப்படவில்லை.

"ஏம்பா, நீ என்னதான் சொன்ன?"

"ஃபேக்ஸ் போயிந்தினு சொன்னேன் சார்."

"சரியாத்தானே சொல்லியிருக்க? போயிந்தின்னா போயிந்தி. அந்தாளுக்கு என்ன?" சுரேஷ்பாபு திருப்பதியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தெலுங்கிலும் ஆள் போவதும் பஸ் போவதும் ஃபேக்ஸ் போவதும் ஒரே போவதுதான். "நீயே சித்தூர் போ. சரி பண்ணிட்டு வா. பண்ணாம வந்தா..." இந்த வாக்கியத்தையும் அவர் முடிக்கவில்லை.

பஸ்ஸில் உமாபதி மடியில் மோடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் மாந்தோப்பு. அதில் காய்ப்பதெல்லாம் எங்கே போய்ச் சேரும், அதை டப்பாவில் அடைத்தபின் யார் அடுக்குவார்கள் என்று யோசிக்காமல் இருக்க ஜன்னலை விட்டுவிட்டு எதிர் சீட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

கோடேஸ்வர ராவ் அவனை உட்காரச் சொன்னார். சொந்த ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். துக்கம் விசாரிக்கும் குரலில், "உங்கள் மோடம் போனதில் எனக்கும் வருத்தம்தான்" என்றார்.

"மோடம் போகல சார். ஃபேக்ஸ்தான் போயிந்தி."

"அதைத்தானே எழுதியிருக்கிறேன்?"

"நல்லா போயிந்தி சார்."

"அதையும் எழுதியிருக்கிறேன். 'முழுவதும்' என்று."

உமாபதி மேசைமேல் ஒரு விரலை வைத்தான். "இது நகரி சார்." இன்னொரு இடத்தில் ஃபிளாஸ்க்கின் மூடியை வைத்தான். "இது திருப்பதி." விரலை மேசைமேல் தேய்த்து மூடிவரைக்கும் கொண்டுபோனான். "ஃபேக்ஸ், இங்கேர்ந்து, இங்க, போயிந்தி."

ராவ் விரலைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வெள்ளிந்தி!" என்றார். "ஓரிடத்துக்குப் போனதற்கு வெள்ளிந்தி என்று சொல்லக்கூடாதா ஐயா? எங்கள் பக்கம் ஒரு பொருள் போயிந்தி என்றால் அது தொலைந்தது, இல்லாவிட்டால் கெட்டது. ஒரு மனிதர் போயாரு என்றால் உடனே பாடைக்கு மூங்கில் வெட்டப் போவார்கள். இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் பியூனிடம் மேனேஜர் எங்கே என்று கேட்டேன். 'போயாரு சார்' என்றான். நான் மாலை வாங்க ஆள் அனுப்பிவிட்டேன். அவர் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உமாபதியும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "அப்ப ரிப்போர்ட்ட மாத்திடலாமா சார்?"

ராவின் சிரிப்பு நின்றது. அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. கூட்டமைப்பின் எம்.டி. அதன்மேல் 'பார்த்தேன்' என்று எழுதிவிட்டார். பார்த்ததைப் பார்க்காததாக்க முடியாது. அறிக்கை தவறு என்று எழுதினால், கணக்கு அதிகாரிக்குத் தெலுங்கு தெரியவில்லை என்று ஆகும், அல்லது இந்த ஜில்லாவுக்கே தெலுங்கு தெரியவில்லை என்று ஆகும். எதை எழுதினாலும் விசாரணை வரும்.

"ஒன்று செய்யுங்கள்" என்றார். "பழுதான மோடத்தைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்திருக்கிறோம் என்று ஒரு சர்வீஸ் ரிப்போர்ட் கொடுங்கள். நான் மறுபரிசோதனை செய்து, திருப்தி என்று எழுதிவிடுகிறேன். யார்மேலும் தப்பு இல்லை."

"ஆனா சார், அது பழுதாகவே இல்லையே?"

"அதனால்தான் சுலபம்."

உமாபதி எழுந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். கழற்றிய பழுதான பாகத்தை ஃபைலில் இணைக்க வேண்டும். அது விதி.

திருப்பதிக்குத் திரும்பியதும் சுரேஷ்பாபு விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கைதட்டினார். "புத்திசாலி மனுசன்பா!" உமாபதியை டி.வி. ரிப்பேர் கடை பவன்குமாரிடம் அனுப்பினார். பவன்குமார் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினான். கருகினது, வெடித்தது, உருகினது என்று விதவிதமாகப் பாகங்கள் இருந்தன.

"உனக்கு என்ன மாதிரி வேணும்?"

"மோடத்துல இருக்கிற மாதிரி."

"மோடத்துல என்ன இருக்கும்?"

அது உமாபதிக்கும் தெரியாது. அவன் அதைத் திறந்தே பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்று அளவுக்கு மீறிக் கருகியிருந்தது, யாரும் நம்பமாட்டார்கள். ஒன்று கருகியதாகவே தெரியவில்லை. கடைசியில் ஒரு ஓரம் மட்டும் பொசுங்கி, லேசாக வாசனையும் அடித்த சின்னத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அந்த மாதம் முழுக்க அவன் செய்த மதிப்பீடுகளில், அளவுகோல் என்ன என்று சந்தேகமே இல்லாமல் செய்தது இது ஒன்றுதான்.

கையெழுத்துப் போடும் இடத்தில்தான் தயங்கினான். கடையின் பெயர் அச்சடித்த தாளில் அவன் போடும் முதல் கையெழுத்து. கீழே 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று டைப் அடித்திருந்தது. இது பொய்யா? மோடம் இப்போது நன்றாக வேலை செய்கிறது என்பது உண்மை. முன்பு கெட்டுப்போயிருந்தது என்பது பொய். அந்த உண்மைக்குப் போக இந்தப் பொய்யைத் தவிர வேறு வழி இல்லை. நேர்வழியில் எம்.டி.யின் 'பார்த்தேன்' உட்கார்ந்திருக்கிறது. கல்லூரியில் மூன்று வருடம் கணிதம் படித்தவனுக்கு இந்தக் கணக்கு எந்தப் பாடத்தில் வரும் என்று தெரியவில்லை. வேதாச்சலத்தைக் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். கையெழுத்துப் போட்டான்.

பத்து மோடத்துக்கும் ஆர்டர் வந்தது. கூடவே சுரேஷ்பாபுவுக்கு எம்.டி.யிடமிருந்து ஒரு பாராட்டுக் கடிதம். முழுவதும் எரிந்துபோன கருவியை இரண்டே நாளில் சீராக்கிய சர்வீஸ் இன்ஜினியர் இருக்கும் கடை வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். இந்த ஆர்டரை அந்த ஒரு கருகின துண்டுதான் ஜெயித்துக் கொடுத்தது என்று சுரேஷ்பாபு எல்லாரிடமும் சொன்னார், என்ன துண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டு. உமாபதி பெர்மனென்ட் ஆனான். சர்வீஸ் இன்ஜினியராக.

"எம் புள்ள எரிஞ்சு போனதக்கூட ரிப்பேர் பண்ணிடுவான்" என்றார் முனியப்பன். இந்தத் தடவை அவர் தானாகச் சேர்த்துச் சொன்னது ஒன்றும் இல்லை. கடிதத்திலேயே அப்படித்தான் இருந்தது. அடுத்த வாரம் தெருவில் ஒருவர் மோட்டார் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வேதாச்சலம் மட்டும், "எப்ப கத்துக்கின மச்சான்?" என்று கேட்டார். உமாபதி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

ஐப்பசியில் இடிமழை. ஒரு சாயங்காலம் நகரியில் மின்னல் இறங்கி டெலிபோன் லைன் வழியாக வந்தது. இரண்டு நாள் கழித்துக் கோடேஸ்வர ராவே திருப்பதிக் கடைக்கு வந்தார். குடும்பத்தோடு மலைக்கு வந்தவர், மொட்டைத் தலையோடு, ஒரு கையில் லட்டுப் பையும் இன்னொரு கையில் நகரி மோடமும் வைத்திருந்தார்.

உமாபதி மோடத்தை வாங்கி முதல் தடவையாக அதன் மூடியைத் திறந்தான். உள்ளே பாதிப் பலகை கரி. இதைப் போல ஒன்றை அவன் அந்தத் தகர டப்பாவில் வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பான், யாரும் நம்பமாட்டார்கள் என்று.

இந்தச் சில மாதத்தில் அவன் தன் தெலுங்கைத் திருத்திக்கொண்டிருந்தான். ரேடியோச் செய்தி கேட்டு, வெள்ளிந்தியையும் போயிந்தியையும் பிரித்து, குண்டூர்க்காரர் காதுக்கும் உறுத்தாத மாதிரி. அந்தத் தெலுங்கில் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"சார், எனக்கு ரிப்பேர் வேலை தெரியாது. அன்றைக்கும் நான் எதையும் ரிப்பேர் செய்யவில்லை. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றார் ராவ். "ஃபைலுக்குத் தெரியாதே. எம்.டி. ஃபைலைப் பார்த்துவிட்டு, உங்களிடமே கொடுக்கச் சொல்லிவிட்டார். புதிது வாங்கலாம் என்று நான் எழுதினால், ரிப்பேர் செய்ய ஆள் இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்." கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். "உங்கள் தெலுங்கு மிகவும் நன்றாக ஆகிவிட்டது. ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை."

லட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே இன்னொரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்த சுரேஷ்பாபு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"எப்போது கிடைக்கும்?" என்று கேட்டார் ராவ்.

உமாபதி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கரிந்த பலகையை ஒரு முனையால் லேசாகத் தட்டினான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான்.

"பார்க்கணும் சார்" என்றான்.